வேறு யாருக்காவது கட்டி உண்டா?

என் மனைவி ரோஸியின் உடம்பில் நான்கு முறை கத்தி பட்டது. நான்குக்கும் காரணம் நான்தான்! இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் எங்களுக்குத் தொடையிலும் பின்புறத்திலும் கட்டி வருவது புதிதல்ல. இன்ஜின் சூடு என்போம். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துப் பூசுவோம். பழுத்தால் கேபினிலேயே பிதுக்கிவிட்டுத் தோள் துண்டால் துடைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான்... அந்தத் துண்டோடுதான் இராயபுரத்து வீட்டுக்குத் திரும்புவேன்.

ரோஸி குளித்துவிட்டு வந்தால் தன் துண்டைத் தொடமாட்டாள். என் தோளில் கிடப்பதை உருவித்தான் தலை துவட்டுவாள். "உன் வாசன இல்லாங்காட்டி தல காயாதுயா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு! அதற்காக எப்படி ஏங்குகிறேன் தெரியுமா?

முதல் கட்டி அவளுக்கு அக்குளில் வந்தது. அப்போது காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வேலை ஆகவே ஆகாது. சாக்குக் கிடைத்தது என்று, "அந்தக் கலீஜ்ல கைய வெச்சா கட்டி வராம இன்னா வரும்?" என்று கத்தினேன். என் தொடையில் அன்றைக்கு ஒன்று பழுத்துக்கொண்டிருந்தது! அவள் அழுதுகொண்டே வேலையை விட்டாள்.

வேலை போயிற்று, கட்டி போகவில்லை. மூன்றாவது முறை கீறிச் சீழ் எடுத்த டாக்டரம்மா, சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார். இல்லை. பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"வீட்டுல வேற யாருக்காவது கட்டி உண்டா? இந்தக் கிருமி மூக்குக்குள்ள, தோல் மேல தங்கியிருக்கும். ஒரே துண்டு, ஒரே சோப்புன்னு புழங்கினா ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குப் போகும். அப்படி இருந்தா எல்லாருக்கும் ஒரே நேரத்துல வைத்தியம் பண்ணணும். துண்டு, துணியெல்லாம் வெந்நீர்ல துவைக்கணும். இல்லேன்னா சுத்திச் சுத்தி வரும்."

"இல்லீங்கம்மா" என்றேன்.

ஏன்? வெட்கமா? வீம்பா? பக்கத்தில் ரோஸி உட்கார்ந்திருந்தாள். அவள் வேலைமேல் பழி போட்டு வேலையை விடவைத்தவன் எந்த முகத்தோடு 'எனக்கு உண்டு' என்பான்!

நான்காவது கட்டிக்குப் பிறகு, "இந்த வூடே எனக்கு ஒத்துக்கல" என்று கொருக்குப்பேட்டையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் ஆகிறது. அங்கே ஒன்றுகூட வரவில்லை! சந்தோஷப்பட்டேனா, வயிறெரிந்தேனா? இரண்டும்தான். இன்றும் கட்டிலில் என் பக்கத்தில் மட்டுமே படுக்கிறேன். அவள் பக்கத்துக்குப் புரள மனம் வருவதில்லை.

நீயாவது போய் வைத்தியம் செய்துகொள்ளலாமே என்பீர்கள். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கினேன். வலி நின்றதும் பாதியில் விட்டேன்... திரும்பவும் வந்தது. டாக்டரம்மாவிடம் போனால் எத்தனை நாளாக என்று கேட்பாரே! அதற்கு என்ன சொல்வது?

போன ஞாயிறு பூசை முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். நான் உட்கார்ந்த விதத்தை உடனே கவனித்துவிட்டாள்.

"இன்னாயா, ஒரு பக்கமா குந்திகினு கீற?"

"வண்டி ஓட்டி ஓட்டி இடுப்பு புடிச்சிகிச்சு."

அடுத்த பொய்! அவள் நம்பினாள். குப்புறப் படுக்கச் சொல்லி இடுப்பில் தைலம் தேய்த்தாள். ஒரு வருடம் கழித்து அவள் கை... அப்படியே கிடந்துவிட மாட்டோமா என்றிருந்தது.

தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் என் ஒடம்பால வந்த வென. உன்னத் தனியா வுட்டுட்டு வந்துட்டேன். என்ன மன்னிச்சிடுயா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி, வுடு ரோஸி" என்றேன். மன்னித்துவிட்டேன்... அவளை, நான்!