முகத்துவாரத்துச் சண்டை

மாரி பிடித்து வாவி நிரம்பினால், அதன் மேற்கே படுவான்கரையில் எங்கள் வயல் வட்டை முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்கு ஓடும். வெள்ளத்தோடு இறாலும் ஓடிவிடும் என்று மீன்காரர் மறிப்பார்கள்.

அதனால் இரண்டு பக்கத்தாரும் அந்த மணலில் கூடிச் சண்டை பிடிப்பார்கள். வயல்காரப் போடியாரான என் புருஷனும் காத்தான்குடி மீன்காரர் ஒருவரும் தொண்டை கட்டும்வரை ஏசிக்கொள்வார்கள். கடைசியில் வெட்டும் நாளைப் பேசி ஒத்துக்கொண்டு இருவருமே மண்வெட்டி பிடிப்பார்கள். தோணியில் நான் கொண்டுபோன சோற்றைச் சேர்ந்திருந்து தின்பார்கள்.

பிறகு அரசாங்கம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது, கூலியாட்கள் வெட்டினார்கள், வயல் தப்பியது. அந்த முடிவைப் பிழையென்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

அந்த வருஷம் வலையில் இறால் படவில்லை. மனம் கேளாமல் நாங்கள் இருவரும் மீன்காரர் வீட்டுக்குப் போனோம்.

"நாங்க கேட்டு அவங்க வெட்டல்ல, காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் என் புருஷன்.

மீன்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்: "தெரியும் போடியார். நீங்க வெட்டியிருந்தா வாசலுக்கு வந்து ஏசியிருப்பன். இப்ப நான் ஆரை ஏசுற?"

சில வருஷத்தில், வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், இனி நாடு எங்களுடையது என்று ஊரெல்லாம் வெடி கொளுத்தினார்கள். அடுத்த மாரியிலும் உத்தரவு கொழும்பிலிருந்துதான் வந்தது. மணலுக்குக் கொண்டுபோவதற்கென்று நான் அன்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறாக்கி வைத்திருந்தேன்.