பவானிபூர் வீட்டு வாஷ்பேசின்

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் எல்லாமே பழசு. குளியலறை வாஷ்பேசின் அதிலும் பழசு. மற்ற வீடுகளில் அதன் அடியில் வளைந்த பிளாஸ்டிக் குழாய் இருக்கும். எங்கள் வீட்டில் தண்ணீர் இறங்கும் வழியில் ஒரு பித்தளைச் சொம்பு திருகித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஜல்லடை இல்லாத பெரிய ஓட்டை. எது விழுந்தாலும் சொம்பின் அடியில் தங்கிவிடும். அந்தச் சொம்பு மட்டும் இல்லாதிருந்தால் அத்தை இன்று உயிரோடு இருந்திருப்பாள் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பித்தளையின் மேல் பழியைப் போடுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வசதி.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பூஜை விடுமுறையில் மதுரையிலிருந்து தனியாக வந்திருந்தாள். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கைதான். வந்த அன்றே, "அண்ணே, நான் இங்கயே இருந்துக்கிறேனே. ஏதாச்சும் வேலை பாத்துக்கிறேன்" என்று கேட்டாள். துறைமுக ஆபீசில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டும் அப்பா, வீட்டுக்கு வந்தால் நீதிபதி.

"புருஷன் ரெண்டு அடி அடிச்சா குடும்பம் அத்துப்போயிருமா? தசமி கழிஞ்சதும் நானே கொண்டுபோய் விடுறேன்."

அஷ்டமி அன்று காலை அத்தை கழுத்தில் தாலி இல்லை. முகம் கழுவும்போது நழுவி ஓட்டைக்குள் போய்விட்டது என்றாள். வாஷ்பேசினில் தண்ணீரும் இறங்காமல் நின்றது. அம்மா பதறிப்போய் ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி அவள் கழுத்தில் போட்டாள். வெறும் மஞ்சளோடு கொண்டுபோய் விட்டால் மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள் என்றார் அப்பா. ஆகவே தாலி கிடைக்கும் வரை பயணம் இல்லை. அன்று சாயங்காலம் அத்தை என்னைக் காளிகாட்டுப் பந்தலுக்குக் கூட்டிப்போய், மூக்கில் நீர் வழிய, பானிபூரி மாதிரியான காரப் புச்கா தின்றாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

குழாய் மிஸ்திரி பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார். "அவர் வரட்டுமேங்க, என்ன அவசரம்" என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு, ஸ்பானரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். திருகத் திருக சொம்பு இறுகியதே தவிர அசையவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. பிரசாதத்தோடு மேலே வந்த வீட்டுக்கார மாஷிமா சிறிது நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "உல்ட்டோ திகே" என்றாள். அந்தச் சொம்புக்கு மரை எதிர்ப்பக்கம். அப்பா மாற்றித் திருகியதும் அது கழன்று அவர் மடியிலேயே விழுந்தது.

முடியும் சோப்புக் கசடும் நாற்றமுமாக ஒரு பெரிய உருண்டை. அதற்குள் தாலி. நான் கைதட்டிக் குதித்தேன். அத்தை சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா தாலியை அலசி, கயிற்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கயிறு நைஞ்சுபோயிருக்கு. புதுசு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, டிக்கெட் பார்க்கப் போனார்.

நானும் எட்டிப் பார்த்தேன். கயிறு கெட்டியாகத்தான் இருந்தது. போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. வேறோர் இடத்தில், கத்தரியால் நறுக்கியதுபோல இரண்டு முனைகள். இதுகூடத் தெரியாத அளவுக்கு அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதே என்று எனக்குப் பயமாகிவிட்டது. சீக்கிரம் கண்ணாடி மாற்றச் சொல்லும்படி அன்று முழுக்க அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.