காய்ச்சல் கிராப்பு

விஷக்காய்ச்சல் வந்து ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் தலைமுடியை வெட்டிவிட்டார்கள். வெட்டியது எனக்குத் தெரியாது. நினைவு தெளிந்த காலையில் தலையணையில் தலையைத் திருப்பினேன். கூடவே எதுவும் இழுபடவில்லை. கையைக் கொண்டுபோனேன். பிடரியில் மயிர் குத்தியது.

"சிக்குப் பிடித்துப் புண்ணாகிவிட்டது, அதனால்தான்" என்றார் நர்ஸம்மா.

"முடி எங்கேங்க?"

"எரித்துவிட்டோம். வைத்துக்கொண்டு என்ன செய்வது?"

கட்டின பெண்ணின் கூந்தல் போவது புருஷனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சேலத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், நர்ஸம்மா நகர்ந்ததும் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு காலத்தில் இந்தத் தலைக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். சேலத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் நடத்திய வெள்ளைக்கார டீச்சர் காது மடலோடு ஒரே நேராக வெட்டி, நெற்றியிலும் கத்தரித்து விட்டிருந்தார். அதற்கு 'பாப்' என்று பெயர். ஒரு கோடை விடுமுறை முடிந்து வந்தபோது பிடரியைப் பையன்கள் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார். அடுத்த வருஷம் கொஞ்சம் வளரவிட்டு, நெளிநெளியாகச் சுருட்டிக்கொண்டார். நாங்கள் பின்னலை மடித்து ரவிக்கைக்குள் செருகி, வகுப்பு ஜன்னல் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். பிற்பாடு சினிமாப் பத்திரிகைகளில் நம் பெண்களே அப்படி வந்தார்கள். அவர்கள் யார் வீட்டு மருமகள்கள் என்று நான் அப்போது யோசித்ததில்லை.

திருச்செங்கோட்டுக்குத் திரும்பி வந்தேன். கல்யாணமான புதிதில் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டவர் என் கணவர். அன்று அவர் அம்மா, என் அத்தை, சாப்பிடவே இல்லை. இப்போது கணவர் என்னைப் பார்த்துவிட்டு, "இனி நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாவிதர் போதும்" என்றார்.

"வாயக் கழுவு" என்றார் அத்தை. அவர் முகத்தில் கோபம் இல்லை. வேறு எதையோ மறைப்பது போல இருந்தது.

பக்கத்து வீட்டம்மா நேராகவே கேட்டார். "ஏன் அம்மிணி, அதுக்கு மொட்டையே போட்டிருக்கலாமுல்ல? சாமிக்குன்னு சொல்லிக்கலாம். இதென்ன, ஆம்பளயாட்டம்!"

அவர் சொன்னது உண்மைதான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நடந்தால் கும்பிடுவார்கள். கிராப்புத் தலைக்கு எந்தச் சாமியும் பொறுப்பு ஏற்காது. அவர் வீட்டு நலங்கில் ஆரத்தித் தட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவளுக்கு அப்போது ஒரு வயது முடியவில்லை.

மாசியில் அவளுக்கு உடம்பு காய்ந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "உங்களுக்கு வந்ததே இவளுக்கும் வந்திருக்கிறதா என்று இப்போதே சொல்ல முடியாது. பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்ததே! தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தேன். கை கழுவாமல் அவளைத் தூக்கியதில்லை. ஆனால் கூழ் சூடா என்று பார்க்கக் கரண்டியை வாயில் வைத்தேனா? வைத்த மாதிரியும் இருந்தது, வைக்காத மாதிரியும் இருந்தது. நினைக்க நினைக்க, வைத்த மாதிரியே ஆகிவிட்டது.

அத்தை என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீ நெனப்பில்லாமக் கெடந்தப்போ, பொழச்சு வந்தா முழு முடியும் தாரேன்னு மலைச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். நீ வந்த, முடி வரல. சாமிக்குச் சொன்னத அந்த ஆஸ்பத்திரிக்காரி நெருப்புல போட்டுட்டா. யார்கிட்டச் சொல்றது? பயத்துல வாய மூடிக்கிட்டிருந்தேன்."

"இப்ப என்னங்க அத்தை செய்யறது?"

"பூமுடியாச்சும் குடுத்துரலாம், கண்ணு."

மொட்டையடிக்காமல் நுனியில் மூன்று விரற்கடை மட்டும் கத்தரித்துக் கொடுப்பது பூமுடி. பெண்களுக்கு அது போதும். என் தலையில் மொத்தமே மூன்று விரற்கடைதான் வளர்ந்திருந்தது. அத்தை விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எடுத்தால் முழுசும் எடுக்க வேண்டும்.

காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. நாவிதரை வீட்டுக்கே வரச் சொல்லி, முடியை மஞ்சள் துணியில் முடிந்துவைத்து, அவள் தேறியதும் மலையில் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மருந்தையும் நிறுத்தவில்லை. இரண்டையும் நம்பினேன் என்பதை விட, இரண்டில் எதை விடவும் பயந்தேன் என்பதுதான் சரி.

மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தேன். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். கத்தியைத் தீட்டும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"கத்திய மடக்கிருங்க! கிட்ட வராதீங்க!"

அத்தை குழந்தையோடு வாசற்படியில் நின்றார். குழந்தையின் காதுக்குப் பின்னால் மணல் தூவியது போலச் செம்பொரி. "ஆத்தா வந்துட்டா. ஊட்டுக்குள்ள இனி கத்தி படக்கூடாது, சீப்புப் படக்கூடாது."

நாவிதர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். தலையிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் வழிய நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மணல்வாரி அம்மைதான் என்றார் டாக்டர். அப்படியானால் கரண்டியால் வந்ததில்லை. ஒரு கணம் மூச்சு வந்தது. அடுத்த கணமே, கரண்டி இல்லையென்றால் சாமிக்குக் கொடுக்காத முடிதானே என்று தோன்றியது. வாசலில் வேப்பிலை செருகினோம். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை. பொரி கண்ணுக்குள் இறங்குமோ, நெஞ்சில் சளி கட்டுமோ என்று அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். கொடுக்க வேண்டிய முடி தலையிலேயே இருந்தது, கொடுக்க வழியில்லை.

பொரி இறங்கியது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மூன்று முறை அவள் தலைக்கு ஊற்றினோம். அவள் எழுந்து உட்கார்ந்து பழைய சோற்றைக் கையால் அளைந்தாள்.

மலைக்குப் போகலாம் என்றேன். கணவர் என்னையே பார்த்தார்.

"எல்லாப் புள்ளைகளுக்கும் வாரதுதான் மணல்வாரி. படிச்சவ நீ. நெசமா நம்பறயா?"

"தெரியலீங்க. நம்பலைன்னு காட்டறதுக்கு இவளையா வெச்சுப் பாக்கறது?"

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மலை மேல் முடி எடுத்தது சட்டென்று முடிந்துவிட்டது. விழுந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. இது போதுமா, அந்த நீள முடிக்கு இது ஈடாகுமா என்று அத்தையிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது என்று அவர் முகமே சொன்னது. தலையில் சந்தனம் பூசிவிட்டார்.

இறங்கும்போது எதிரே ஏறி வந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். "வழி உடுங்க, வேண்டுதல் முடிச்சுட்டு வாராங்க" என்றாள் ஒருத்தி, மரியாதையாக. முக்காடு தோளில் கிடந்தது. இழுத்து விட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதில் ஒன்றும் நிம்மதியில்லை. கணவரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தவளின் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. என் கை சூடாக இருப்பதால் அப்படித் தெரிகிறதோ என்று அவரை நிற்கச் சொல்லி, என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.