ஆறாத பெட்டியை ஏற்றாதவர்

சூப்பர்வைசரும் நானும் வேன் டிரைவரும் இருந்தோம், மேனேஜர் இல்லை. இரண்டு பீங்கான் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடு வைத்து உலையில் இணைப்பதுதான் ஒரகடம் தொழிற்சாலையில் எங்கள் வேலை. உலை மெதுவாக ஆறவேண்டும். அவசரப்பட்டால் உலோகம் பீங்கானைவிட வேகமாகச் சுருங்கிப் பீங்கானில் விரிசல் விழும்.

"லேட்டாவுது, எடுத்து பேக் பண்ணு," என்றார் சூப்பர்வைசர்.

எந்தப் பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தே ஏற்றும் அந்தக் குள்ளமான டிரைவர், உலைக் கதவை மறித்து நின்றார்.

"போன தபா சூட்டோட குட்த்தீங்க. வழியிலயே விரிஞ்சி பூட்ச்சு. நான் பள்ளத்துல வுட்டு ஒடைச்சேன்னு என் வாடகைய புடிச்சாங்க. ஆற வுடுங்க சார்."

"நீ இன்னா இன்ஜினியரா?"

"இல்ல சார். துட்டு குடுத்து கத்துக்கினேன்."

உலை ஆறியபின் மறுநாள் எடுத்தோம். ஒன்றுகூட விரியவில்லை. காத்திருந்ததற்கு அவர் வாடகை கேட்கவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. முழுச் சரக்கும் பிழைத்ததற்கு எங்களுக்கு ஆன செலவு, வாடிக்கையாளர் பிடித்த தாமத அபராதம் எட்டாயிரம் ரூபாய்.