வெள்ளைப் பட்டை டயர்கள்

புது ரப்பரும் அந்துருண்டையும் கலந்த வாசம் எங்கேயாவது மூக்கில் ஏறினால், எனக்கு உடனே காரைக்குடி வீட்டின் சாமான் அறைதான் நினைவுக்கு வரும். பித்தளை அண்டாக்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே, பழுப்புக் காகிதம் சுற்றிய நாலு டயர்கள் அங்கே இருந்தன. 'அப்பச்சி' என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா, பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்த உபரி டயர்கள் அவை. இரண்டே சீட்டு, கம்பிச் சக்கரம், டயரில் வெள்ளைப் பட்டை. தெருவே திரும்பிப் பார்க்கும்.

'ஆத்தா', அதாவது என் அம்மா, அந்த டயர்களைப் பிரிக்கவே விடவில்லை. "பெரியவ கல்யாணத்துக்குப் புதுசா இருக்கட்டும்" என்று அக்காவின் சீர் சாமான்களோடு சேர்த்துவிட்டாள். எங்கள் பக்கம் பெண் பிறந்ததுமே சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதில் டயரும் சேர்ந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். பாவம் அப்பச்சி, பத்து வருஷம் மொட்டை டயரிலேயே ஒட்டுப் போட்டு ஓட்டினார்.

அறுபதுகளின் கடைசியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று ஆத்தா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அவள் நெற்குப்பை என்ற ஊருக்குக் கல்யாணம் சொல்லப் போயிருந்த ஒரு மத்தியானம், அப்பச்சியும் மெக்கானிக் சிக்கந்தர் பாயும் காகிதத்தைப் பிரித்தார்கள். பத்து வயதுக்காரி நானும் கூட நின்றேன். ஐயோ, நாலும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பித்தளை எத்தனை வருஷமும் கிடக்கும், ரப்பர் கிடக்குமா? அது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

"இதே டயர் இனிக் கிடைக்காதுங்க. டாக்ஸி டயர் இந்த அளவுக்குச் சேரும். கம்பியும் துருப்பிடிச்சிருக்கு, தகட்டுச் சக்கரமாவே மாத்திருவோம், என்ன சொல்றீக?" என்றார் பாய்.

"டயர் எதையாவது போடுங்க பாய், சக்கரத்துல மட்டும் கை வைக்காதீக. கம்பி இல்லைன்னா அவ கண்டுபிடிச்சிருவா. பொத்திப் பொத்தி வச்சது வீணாப்போச்சுன்னு தெரிஞ்சா, கல்யாண வீட்ல உக்காந்து அழுவா" என்றார் அப்பச்சி.

துருப்பிடித்த கம்பிகளை மட்டும் பாய் மாற்றினார். டாக்ஸி டயர்களுக்கு அப்பச்சியே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டால் பட்டை தீட்டினார். டப்பாவைப் பிடித்தவள் நான். "ஆத்தாகிட்ட மூச்சு விடக்கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். வெடித்த டயர்கள் பாயோடு போய்விட்டன.

கல்யாணத்தன்று ஆத்தா காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நான் எடுத்து வச்ச டயராக்கும்!" என்று வந்த ஆச்சிமாரிடமெல்லாம் பெருமையடித்தாள். அப்பச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு வயிறு வலித்தது.

எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏற, காரை விற்கும்படி ஆனது. "டயரை மட்டும் குடுக்கமாட்டேன், அது நான் வச்சது" என்று ஆத்தா ஒற்றைக் காலில் நின்றாள். அப்பச்சி வாயைத் திறக்க முடியாமல் வேறு டயர் வாங்கி மாட்டிக் கொடுத்தார். டாக்ஸி டயர்களை ஆத்தா தன் கையாலேயே துடைத்து, காகிதம் சுற்றி, மறுபடி சாமான் அறையில் வைத்தாள்.

போன மாதம் வீட்டைக் காலி செய்தோம். அப்பச்சி இல்லை, ஆத்தாவும் இல்லை. கார் எந்த ஊரில் இருக்கிறதோ. பழைய சாமான் கடைக்காரர் அண்டா, ஜாடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, "இந்த டயரைக் குப்பையில போட்ருங்க ஆச்சி" என்றார். காகிதத்தைப் பிரித்தேன். ஓரத்தில் மிஞ்சியிருந்த வெள்ளைப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து கையில் ஒட்டியது. தன் கையால் துடைத்து வைத்தவள், இதைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? கடைசிவரை அப்பச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லையே! எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலையும் திரும்பச் சுற்றிக் கட்டி, என் மகளின் காரில் ஏற்றச் சொன்னேன்.