வாரண்டி இல்லாத நான்கு டயர்கள்

சென்ற ஆடியில் என் மாமனார் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் நான் டயர் மாற்றினேன். பெண்ணாடத்தில் அவர் வீட்டு வாசலில் இரண்டு மருமகன்களின் கார்களும் நின்றன. என்னுடையது பழையது. சகலையுடையது, அதாவது என் மனைவியின் தங்கை கணவருடையது, புத்தம் புதியது. மாமனார் கரும்பு விவசாயி, டிராக்டர் ஓட்டியவர். எந்த வண்டியைக் கண்டாலும் முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பார். என் வண்டி அருகே குனிந்தவர், தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

“மாப்ள, ஒங்க வண்டி டயரு எந் தலையாட்டம் இருக்குதுங்க. நான் சின்னவரு வண்டியிலயே வரேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

நாங்கள் இருவரும் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஆளுக்கொரு ஷெட் வைத்திருக்கிறோம். என்னிடம் கேட்டுக் கேட்டுத் தொழில் பழகியவர் அவர். நான் இன்னும் அகல்விளக்கு செய்கிறேன். அவருடைய ஊறுகாய் ஜாடிகள் லாரியில் போகின்றன. சூளை பொது என்பதால், எது யார் சரக்கு என்று தெரிய ஒவ்வொருவரும் அடியில் ஓர் அடையாளம் வைப்போம். எனக்குப் பச்சைக் கோடு, அவருக்கு இரண்டு நீலப் புள்ளிகள். மாமனார் வீட்டு அலமாரியில் ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததுமே அந்தப் புள்ளிகள்தான் என்னைப் பார்க்கும்.

ஐப்பசியில் மாமனாருக்கு ஒரு வரப்புத் தகராறு. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட வேண்டும் என்றார். குறையை மனுவாக எழுதி, சாமியிடம் ஒப்படைத்துக் கட்டிவிட்டு வருவது. இந்த முறை அவர் என் வண்டியில்தான் ஏற வேண்டும் என்று நினைத்தேன்.

புது டயர் கைக்கு எட்டவில்லை. பழைய டயர் விற்கும் பாய் கடைக்குப் போனேன். மிக்ஸி வாங்கினாலும் வாரண்டி அட்டையை உறையிலிட்டு வைக்கிறவன் நான்.

“வாரண்டி கெடையாதுங்க. பில்லுலயே சீல் போட்டுத் தந்துடுவேன். நாளைக்கி வந்து சண்ட போடக் கூடாது” என்றார் பாய்.

“அடிபட்ட வண்டியோடதா பாய்?”

“அட, நீங்க வேற! புது வண்டி வாங்கறவங்க அலாய் வீலு, அகல டயருன்னு மாத்திக்கறாங்க. கழட்டுனத இங்கயே வுட்டுட்டுப் போயிடறாங்க. தடவிப் பாருங்க, முடி கூட உதுரல.”

தடவிப் பார்த்தேன். புது டயரின் ரப்பர் முடிகள் விரலில் குத்தின. பாய் கறுப்பு பாலிஷ் பூசி, பளபளவென்று மாட்டிக் கொடுத்தார்.

கோயிலுக்குப் புறப்படும் நாள் காலையில் வண்டியைக் கழுவினேன். பாலிஷ் வழிந்தது. டயரின் பக்கவாட்டில், ரிம்முக்கு அருகே, இரண்டு நீலப் புள்ளிகள்.

குழாயை மூட மறந்து நின்றேன். சர்வீஸில் டயரை மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, வண்டி வந்த அன்றே சகலை தன் அடையாளத்தை வைத்திருப்பார். அவர் வேண்டாமென்று கழற்றிப் போட்டதை நான் தேடிப் போய், தடவிப் பார்த்து வாங்கி வந்திருக்கிறேன். தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தேன். மூன்று டயர்களில் புள்ளிகள் போயின. இடப்பக்கப் பின்சக்கரம் மதிலை ஒட்டி நின்றது, கை போகவில்லை. அதற்குள் மனைவி வந்து உட்கார்ந்துவிட்டாள். துணியை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பெண்ணாடத்தில் மாமனார் முன்சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்.

“இப்பத்தான் வண்டி கால ஊனி நிக்குது. நான் பெரியவரு கூட வரேன்.”

முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார். “ஏங் கை நடுங்குதுங்க மாப்ள. பிராத நீங்கதான் கட்டணும்” என்றும் சொன்னார். பின்னால் சகலையின் கார் வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஆனால் வழியெல்லாம் மாமனார் சகலையின் புது ஆர்டரைப் பற்றித்தான் பேசினார். ஆள் என் வண்டியில், பேச்சு அவர் வண்டியில்.

கோயிலில் இறங்கியதும், “பின்னாடியும் மாத்திட்டீங்களா?” என்று கேட்டபடி மாமனார் பின்பக்கம் நடந்தார். எனக்கு முன்பே சகலை அங்கே வந்துவிட்டார். டயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வண்டியில் சாய்ந்து நின்றார். அவர் வேட்டி சக்கரத்தை மறைத்தது.

“நாலும் புதுசு மாமா. அண்ணன் எதையும் அரகொறையா செய்ய மாட்டாரு. நடங்க, உள்ள கூட்டம் சேருது.”

மாமனார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எனக்கு நன்றி வரவில்லை. இதையும் இவர்தான் இவ்வளவு அழகாகச் செய்ய வேண்டுமா என்றுதான் வந்தது.

எல்லோரும் உள்ளே போனதும் டிக்கியைத் திறந்து துணியை எடுத்தேன். குனிந்து, தடமே இல்லாதபடி அந்தப் புள்ளிகளைத் தேய்த்தேன். கை கழுவிக்கொண்டு போனபோது மனைவி எதிரே வந்தாள்.

“எங்க போயிட்டீங்க? பெரிய மாப்ள எங்க, எங்கன்னு அப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு. கூட்டம் தள்ளுச்சு, அப்பா கையிலருந்து வாங்கி அவருதான் கட்டுனாரு” என்றாள்.

யார் என்று நான் கேட்கவில்லை.