ஆறரை மணிச் சுருதி

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதல் விசாரணை என்னிடம்தான் நடக்கும். ரிமோட்டில் பேட்டரியைக் காணோமா, நான்தான். ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லையா, அதுவும் நான்தான். அதனால் எனக்குப் பத்து வயதானபோது, அப்பாவின் தெரமின் மாலை ஆறரை மணியானால் அபசுரம் பாட ஆரம்பித்ததும், அப்பா அம்மா இருவர் கண்ணும் என் மேல் திரும்பியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த முறை நான் செய்யவில்லை என்பதால் கோபம் மட்டும் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

தெரமின் என்பது தொடாமலே வாசிக்கிற வாத்தியம். ஒரு பெட்டி, அதன் ஒரு பக்கம் செங்குத்தாக ஒரு கம்பி, மறுபக்கம் ஒரு வளையம். கம்பியருகே கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். வளையம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க. ராயபுரத்தில் அதை வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து அப்பா ஒருவர்தான். ஹார்பரில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்த அவர், போனில் வீடியோ பார்த்துத் தானே அதைச் செய்திருந்தார். அது பேய் ஓட்டுகிற மிஷின் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். பேயைக் கூப்பிடுகிற மிஷின் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

முதலில் அதில் பாட்டே வரவில்லை. கம்பிக்குத் தள்ளி நின்றால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. கிட்டே போனால் ஏழு சுரமும் இரண்டு விரல் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அப்பா பி.வி.சி. குழாய் ஒன்றில் மோட்டார் வைண்டிங் கம்பியைச் சுற்றி, பெட்டிக்கும் அந்தச் செங்குத்துக் கம்பிக்கும் நடுவில் பொருத்தினார். சுரங்கள் ஒழுங்காகத் தள்ளி உட்கார்ந்தன. அடுத்து அதன் குரலைப் பிடித்துக்கொண்டார். "மூக்கால பாடுது" என்று ஒரு கண்டென்சரைக் கழற்றுவார், வேறொன்றை வைப்பார், கண்ணை மூடிக் கேட்பார், மறுபடி கழற்றுவார். கடைசியில் ஒரு நாள் அது ஒரு பெண் பாடுவதுபோலவே பாடியது. அதற்கப்புறம் அவர் கண்டென்சரைத் தொடவில்லை.

கோயில் திருவிழாப் பூசையில் மாதா பாட்டு ஒன்றை அதில் வாசித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பாட்டுக் குழுவின் மாஸ்டர் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேட்பதாகவும், சுருதி ஆடாமல் இருந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

சுருதியோ தினமும் ஆடியது. வேலை முடிந்து வந்து அப்பா வாசிக்க ஆரம்பித்து, இரண்டாவது சரணத்துக்கு வரும்போது, யாரோ கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றதுபோல சுருதி மெல்ல மேலே வழுக்கும். நான் பின்னால் ஒளிந்துகொண்டு கை நீட்டுவதாக அப்பா நினைத்தார். மேஜையைச் சுற்றித் தரையில் பவுடர் தூவினார். என் கால்தடம் விழவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. மறுநாள் என்னைத் தெருவில் நிறுத்தி, தான் வாசித்து முடிக்கும்வரை பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார். நான் மூன்றாம் சுற்றில் இருக்கும்போது உள்ளே சுருதி வழுக்கியது. எனக்கு விடுதலை கிடைத்தது.

சந்தேகம் பலகைக்கு அந்தப் பக்கம் போனது. தாத்தா இறந்ததும் வீட்டை நடுவில் பிளைவுட் பலகை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அப்பாவின் தங்கை, என் அத்தை. எந்தப் பாதி யாருக்கு என்று தொடங்கிய சண்டையில் அண்ணன் தங்கை பேச்சு நின்று நாலு வருஷமாகியிருந்தது. அதற்கு முன்னால் கோயிலில் அத்தை பாடுவாள், அப்பா கீபோர்டு வாசிப்பார். அப்பாவின் மேஜை அந்தப் பலகையை ஒட்டித்தான் கிடந்தது.

"உன் தங்கச்சிதான் வேணும்னே எதையோ போட்டுவுட்டுகினு கீது" என்றாள் அம்மா. மிக்ஸியோ மோட்டாரோ, எது ஓடுகிறது என்று பார்த்துவர என்னை அனுப்பினாள். நேற்றுவரை குற்றவாளியாக இருந்தவளுக்கு உளவாளி வேலை பிடித்துத்தான் இருந்தது. பின்பக்கம் போய் அத்தை வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எதுவும் ஓடவில்லை. ஃபேன்கூட நின்றிருந்தது. அத்தை கையில் கரண்டியோடு பலகையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து சொன்னேன். "ஒண்ணுமே போடல. அத்தை சும்மா பலகைல சாஞ்சிகினு நிக்குது."

"ஒட்டுக் கேக்குறா. வேற இன்னா" என்றாள் அம்மா. அப்பா எழுந்து, பலகைக்கும் தெரமினுக்கும் நடுவில் எத்தனை சாண் என்று அளந்து பார்த்தார்.

மறுநாள் ஹார்பரிலிருந்து ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பலகை முழுக்க அதை அடித்து, எர்த் கொடுத்து, தெரமினை மறுபடி ட்யூன் செய்தார். யாருடைய உடம்பும் இனி அந்தப் பக்கத்திலிருந்து சுருதியைத் தொட முடியாது என்று எனக்கு விளக்கினார். சொன்னபடியே வியாழனும் வெள்ளியும் சுருதி நூல் பிடித்த மாதிரி நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திருவிழாவில் அப்பா வாசிப்பதைப் பார்க்க என் வகுப்பில் எட்டுப் பேரை அழைத்துவிட்டேன்.

அப்பா மட்டும் நிம்மதியாக இல்லை. வெள்ளி மாலை பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அத்தை இப்பவும் அங்க நிக்குதா?"

"தெர்லப்பா. இப்பதான் சுருதி ஆட மாட்டேங்குதே" என்றேன்.

சனிக்கிழமை மதியம் நான் டியூஷன் முடிந்து வந்தபோது தகடு கழற்றப்பட்டு, சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆறேகாலுக்கு மாஸ்டர் வந்தார். முதல் சரணம் அவ்வளவு அழகாக வந்தது. இரண்டாவதில் சுருதி வழுக்கியது. அப்பா முகம் சுளிக்கவில்லை. கையை அரை விரல் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இன்னும் மெதுவாக, பாட்டை முழுசாக வாசித்து முடித்தார். மாஸ்டர் காபியைக் குடித்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுந்து போனார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எட்டுப் பேர் முகத்தில் எப்படி முழிப்பேன்? அத்தை மேல் கோபம், அதைவிட அப்பா மேல் கோபம். தகட்டை ஏன் கழற்றினாய் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

"அது நல்லாதான் வேல செஞ்சிது" என்றார் அப்பா. "அதான் கழட்டிட்டேன்."

நான் நேராக அடுப்படிக்குப் போய், அப்பாவுக்கு மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போ என்று அம்மாவிடம் சொன்னேன்.